வென்டிலேட்டரை யார் மேல கத்துக்கிறாங்க?

(எபிசோடின் எடிட் செய்யப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

போன எபிசோடுல ஐசியூன்னா என்ன, உள்ளே என்னென்ன மெஷின் இருக்கும்னு பேசினோம். அதுக்கு வந்த கேள்விகள்ல ஒண்ணு என்னை ரெண்டு நாள் யோசிக்க வெச்சது. ஒரு லிசனர் கேட்டிருந்தாங்க: "வென்டிலேட்டரைத் தப்பா செட் பண்ணினா நுரையீரலே கெட்டுப்போகும்னு சொல்றீங்க. அப்போ புதுசா வர்ற டாக்டர்கள் அதை யார் மேல கத்துக்கிறாங்க?"

நியாயமான கேள்வி. நேர்மையான பதில்: ரொம்ப காலமா நோயாளிகள் மேலதான். சீனியர் பக்கத்துல நிப்பார், ஜூனியர் பட்டனைத் திருப்புவார். நான் கத்துக்கிட்ட காலத்துலயும் பெரும்பாலும் அப்படித்தான். இப்போ நான் ஐசியூ ட்ரெய்னிகளுக்கு சொல்லிக் கொடுக்கிற இடத்துல இருக்கேன். இன்னைக்கு அந்த முதல் தடவை ஒரு மனுஷன் மேல நடக்காம இருக்க ஒரு வழி இருக்கு. அதுக்குப் பேர் சிமுலேட்டர். அது என்ன, எப்படி வேலை செய்யுது, எதைச் சொல்லிக் கொடுக்கும், எதைச் சொல்லிக் கொடுக்காது, இதுதான் இந்த எபிசோட்.

மெடிக்கல் படிக்காதவங்களுக்கும் புரியற மாதிரியே சொல்றேன்.

மெஷின் என்ன பண்ணுது?

நாம சாதாரணமா மூச்சு இழுக்கும்போது உதரவிதானம் கீழே இறங்குது, நெஞ்சு விரியுது, உள்ளே அழுத்தம் குறையுது, காத்து தானா உள்ளே வருது. வென்டிலேட்டர் இதுக்கு நேர் எதிரா வேலை செய்யுது. மூச்சுக்குழாய்க்குள்ள போட்ட டியூப் வழியா காத்தை அழுத்தி உள்ளே தள்ளுது.

சரி, வெளியே எப்படி வருது? அதுக்கு மெஷின் எந்த உதவியும் பண்றதில்லை. ஒரு வால்வைத் திறந்து விடும், அவ்வளவுதான். ஊதின பலூன் மாதிரி நுரையீரல் தானா சுருங்கி காத்தை வெளியே விடணும். இந்த ஒரு விஷயத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க, கொஞ்ச நேரத்துல வேணும்.

டாக்டர் செட் பண்றது முக்கியமா நாலு எண். ஒரு மூச்சுக்கு எவ்வளவு காத்து, நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு, அந்தக் காத்துல ஆக்சிஜன் எத்தனை சதவீதம், நாலாவது பீப். மூச்சு வெளியே போன பிறகும் நுரையீரலுக்குள்ள கொஞ்சம் அழுத்தத்தை மிச்சம் வைப்போம், அதுதான் பீப். உள்ளே இருக்கிற குட்டிக் குட்டி காத்துப் பைகள் முழுசா மூடி ஒட்டிக்காம இருக்கறதுக்காக.

நாலே எண்தானே, இதுல என்ன கஷ்டம்னு தோணும். மெஷின் காத்தைத் தள்ளும்போது ரெண்டு விஷயத்தோட மல்லுக்கட்டுது. ஒண்ணு குழாய், அதுல இருக்கிற தடை. இன்னொண்ணு பலூன், அதோட விறைப்பு. ஸ்கிரீன்ல தெரியற அழுத்தம் இந்த ரெண்டும் சேர்ந்த கூட்டுத்தொகை, கூடவே அந்த பீப்பும் சேரும்.

ஒரு உதாரணம். அழுத்தம் 45ன்னு அலாரம் அடிக்குது. காரணம் குழாயா, பலூனா? இதைக் கண்டுபிடிக்க மெஷின்ல ஒரு பட்டன் இருக்கு. மூச்சு உள்ளே போய் முடிஞ்சதும் ஒரு நொடி அப்படியே நிறுத்தி வைக்கும். காத்து ஓடாம நின்னுட்டா குழாய்த் தடைக்கு வேலை இல்லை, பலூனோட அழுத்தம் மட்டும் மிஞ்சும். 45 சட்டுனு 20க்கு இறங்கிட்டா பிரச்சினை குழாயில: சளி அடைச்சிருக்கலாம், நோயாளி டியூபைக் கடிச்சிட்டு இருக்கலாம், ஆஸ்துமாவா இருக்கலாம். 45 இறங்கி 40லயே நின்னுட்டா பிரச்சினை பலூன்ல: நுரையீரல் விறைச்சிருக்கலாம், டியூப் ஒரு பக்க நுரையீரலுக்குள்ள மட்டும் போயிருக்கலாம், இல்லை நெஞ்சுக்குள்ள காத்து கசிஞ்சு நுரையீரலை நசுக்கிட்டு இருக்கலாம். அடிக்கிற அலாரம் ஒண்ணுதான், ஆனா வைத்தியம் ஒவ்வொண்ணுக்கும் வேற.

315ஆ, 630ஆ?

இந்த எண்கள் எவ்வளவு முக்கியம்னு காட்ட ஒரு ஆய்வைச் சொல்றேன். ஏஆர்டிஎஸ்னு ஒரு நிலை இருக்கு. நிமோனியா, ரத்தத்துல கிருமி பரவறது மாதிரி காரணங்களால ரெண்டு நுரையீரலும் நீர் கோத்து விறைச்சுப் போறது. கோவிட்ல நாம நிறைய பார்த்தது இதைத்தான். அமெரிக்காவுல பல ஆஸ்பத்திரிகள் சேர்ந்து 861 நோயாளிகளை வெச்சுப் பண்ணின ஒரு ஆய்வு 2000ல வெளிவந்தது. ஒரு குழுவுக்கு ஒரு கிலோ எடைக்கு 12 மில்லி காத்து. இன்னொரு குழுவுக்கு 6 மில்லி.

இங்கே எடைன்னா தராசு காட்டுற எடை இல்லை, உயரத்தை வெச்சுக் கணக்குப் போடுற எடை. ஏன்னா உடம்பு பருத்தாலும் நுரையீரல் பெருசாகாது. 160 சென்டிமீட்டர் உயரமான ஒரு பெண்ணுக்கு அந்தக் கணக்குப்படி எடை சுமார் 52 கிலோ. ஆக ஒரு மூச்சுக்கு ஏறக்குறைய 315 மில்லியா, 630 மில்லியாங்கறதுதான் கேள்வி.

12 மில்லி குழுவுல இறந்தவங்க 39.8 சதவீதம். 6 மில்லி குழுவுல 31 சதவீதம். புது மருந்து எதுவும் இல்லை. நூறு பேர்ல சுமார் 9 உயிர், மெஷின்ல வைக்கிற ஒரு எண்ணால தப்பிச்சிருக்கு. அதுக்கு முன்னாடி உலகம் முழுக்க 10லிருந்து 15 மில்லி வைக்கிறதுதான் வழக்கமா இருந்தது.

இப்போ அந்த எண்ணை எப்படிக் கத்துக் கொடுக்கிறதுங்கற கேள்வியோட கனம் புரியும்னு நினைக்கிறேன்.

வார்டுலயே கத்துக்கிட்டா என்ன?

கத்துக்கத்தான் வேணும். ஆனா வார்டு மட்டும் போதாதுன்னு சொல்ல மூணு காரணம் இருக்கு.

முதல் காரணம், ஆபத்தான விஷயங்கள் அபூர்வமா நடக்கும். மோசமான ஆஸ்துமாவோட வென்டிலேட்டர்ல போற நோயாளி, பயிற்சிக் காலம் முழுக்க ஒரு ட்ரெய்னியோட ஷிப்டுல வராமலே போகலாம். முதல் தடவை வர்றப்போ அவர் தனியா நைட் டியூட்டியில இருக்கலாம்.

ரெண்டாவது, உண்மையான நெருக்கடி வந்தா சீனியர் ஜூனியரை நகர்த்திட்டு தானே இறங்கிடுவார். அது சரியும்கூட, நோயாளி பிழைக்கணும். ஆனா ஜூனியர் பார்வையாளரா மாறிடுறார். கிரிக்கெட் பார்த்தே பேட்டிங் கத்துக்க முடியாதே.

மூணாவது காரணம் அவ்வளவா பேசப்படறதில்லை. வார்டுல நாம பண்ணினதோட விளைவு தெளிவா தெரியாது. காலையில ஒரு எண்ணை மாத்தறோம், சாயங்காலம் நோயாளி மோசமாகறார். அந்த எண்ணாலயா, கிருமியாலயா, இல்லை எது பண்ணியிருந்தாலும் அப்படித்தான் ஆகியிருக்குமா? அதே நோயாளியை அதே காலைக்குத் திருப்பிக் கொண்டு போய் வேற எண்ணை வெச்சுப் பார்க்க முடியாது. சிமுலேட்டர்ல முடியும்.

கோவிட் நேரத்துல இது நாடு முழுக்கத் தெரிஞ்சது. 2020ல பிஎம் கேர்ஸ் நிதியிலிருந்து 2,000 கோடி ரூபாய்ல 50,000 வென்டிலேட்டர் வாங்க முடிவாச்சு. அடுத்த வருஷம் ரெண்டாவது அலையில, பல ஊர்கள்ல மெஷின் வந்தும் ஓடாம கிடக்குதுன்னு செய்திகள் வந்தன. சில இடத்துல மெஷின்லயே கோளாறுன்னு புகார், சில இடத்துல ஓட்டத் தெரிஞ்ச ஆள் இல்லை. மே 2021ல மெஷின்கள் நிறுவப்பட்டு இயங்குதான்னு உடனே ஆய்வு பண்ணச் சொல்லி பிரதமரே உத்தரவு போட வேண்டி வந்தது. மெஷினை சில மாசத்துல தயாரிச்சு லாரியில ஏத்திடலாம். ஓட்டற ஆளை அப்படி அனுப்ப முடியாது.

கையில தெரிஞ்சது, ஸ்கிரீனுக்குப் போனது

இங்கே கொஞ்சம் வரலாறு. 1952 ஆகஸ்ட், டென்மார்க்கின் கோபன்ஹேகன். போலியோ கொள்ளைநோய். மூச்சுத் தசைகள் செயலிழந்து குழந்தைகள் கொத்துக் கொத்தா வர்றாங்க, ஆஸ்பத்திரியில இருந்த மூச்சு மெஷின்களோ விரல் விட்டு எண்ணற அளவுதான். பியோர்ன் இப்சன்னு ஒரு மயக்க மருந்து நிபுணர், தொண்டையில துளை போட்டு டியூப் வெச்சு, ஒரு ரப்பர் பையைக் கையால அழுத்தியே மூச்சு கொடுக்கலாம்னு 12 வயசு சிறுமி ஒருத்திகிட்ட செஞ்சு காட்டினார். அதுக்கப்புறம் சுமார் 1,500 மாணவர்கள் ஷிப்ட் போட்டு, ராத்திரி பகலா, வாரக்கணக்கா பையை அழுத்தினாங்க. அந்த மாதிரி நோயாளிகள்ல நூத்துக்கு 80க்கு மேல இறந்துட்டு இருந்த நிலைமை மாறி, சில மாசத்துல அந்தக் கணக்கு பாதிக்கும் கீழே வந்தது. இன்னைக்கு ஐசியூன்னு நாம சொல்றதே அங்கிருந்துதான் ஆரம்பிச்சதுன்னு சொல்லுவாங்க.

இந்தக் கதையை நான் ட்ரெய்னிகளுக்கு வேற ஒரு காரணத்துக்காகச் சொல்லுவேன். பையைக் கையில பிடிச்சவங்களுக்கு நுரையீரல் உள்ளங்கையில தெரியும். சளி அடைச்சா பை கடினமாகும், நோயாளி தானா மூச்சு இழுத்தா பை இழுபடும். மெஷின் வந்ததும் அந்தத் தொடு உணர்வு போயிடுச்சு. அது இப்போ ஸ்கிரீன்ல மூணு கோடா ஓடுது: அழுத்தம், காத்தோட்டம், கொள்ளளவு. வென்டிலேட்டர் கத்துக்கறதுல பாதி வேலை, அந்தக் கோடுகளை உள்ளங்கை மாதிரி உணரப் பழகறதுதான். அதுக்குத் திரும்பத் திரும்பப் பார்க்கணும். ஒரு கோட்டைக் கெடுத்து, சரி பண்ணி, மறுபடி கெடுத்துப் பார்க்கணும். நோயாளியை வெச்சு அதைச் செய்ய முடியுமா?

இந்த யோசனை விமானத்துறையில முன்னாடியே வந்துடுச்சு. எட்வின் லிங்க்னு ஒரு அமெரிக்கர், அவங்க குடும்பத் தொழில் பியானோவும் ஆர்கனும் செய்யறது. ஆர்கன்ல காத்தடிக்கிற துருத்தி இருக்கும் பாருங்க, அதே துருத்திகளை வெச்சு 1929 வாக்குல ஆடி அசையற ஒரு பொம்மை விமானம் செஞ்சார். முதல்ல அது பொழுதுபோக்குப் பூங்காக்களுக்குத்தான் போச்சு. 1934ல அமெரிக்க ராணுவ விமானிகள் தபால் விமானம் ஓட்டப் போய், மேகத்துல வழி தெரியாம வாரக்கணக்குல பலர் விழுந்து செத்தாங்க. அதுக்கப்புறம்தான் ராணுவம் லிங்கோட மெஷினை வாங்கிச்சு.

மருத்துவத்துல 1960ல நார்வே பொம்மை வியாபாரி ஆஸ்முன்ட் லேர்டால், மூச்சு ஊதிப் பழக ஒரு பொம்மை செஞ்சார். 1980கள்ல ஸ்டான்ஃபோர்டுல டேவிட் காபாங்கற மயக்க மருந்து நிபுணர் முழு ஆபரேஷன் தியேட்டரையே செட் போட்டு, விமானிகளுக்குக் கொடுக்கிற மாதிரி டாக்டர்களுக்கும் நெருக்கடிப் பயிற்சி கொடுக்க ஆரம்பிச்சார்.

சிமுலேட்டர்ல எத்தனை வகை?

விலை குறைஞ்சதுலிருந்து ஆரம்பிக்கிறேன்.

முதல் வகை, டெஸ்ட் லங். ஒரு சின்ன ரப்பர் பை. எல்லா ஐசியூவுலயும் இருக்கும், மெஷின் ஒழுங்கா ஓடுதான்னு பார்க்க வெச்சிருப்பாங்க. இதையே ஒரு வகுப்பா மாத்தலாம். பையைச் சுத்தி ரப்பர் பேண்டு போடுங்க, விறைச்ச நுரையீரல் ரெடி. நடுவுல குழந்தைகளுக்குப் போடற ஒல்லியான டியூபைச் செருகுங்க, ஆஸ்துமா ரெடி. காத்து சீரா ஓடற குழாயில ஆரம் பாதியானா தடை 16 மடங்கு ஆகும். அதைப் போர்டுல எழுதிக் காட்டறதைவிட, டியூபை மாத்தினதும் ஸ்கிரீன்ல அழுத்தம் எகிறறதைப் பார்க்கிறது மனசுல நிக்கும்.

ரெண்டாவது, கம்ப்யூட்டர் ஸ்கிரீன் சிமுலேட்டர். போன்லயோ லேப்டாப்லயோ வென்டிலேட்டரோட முகப்பு அப்படியே வரும். நோயாளியைத் தேர்ந்தெடுத்து, எண்களை மாத்தி, கோடுகள் எப்படி மாறுதுன்னு பார்க்கலாம். மெஷின் கம்பெனிகள் சிலதே இப்படிக் கொடுக்குது, பாஸ்டன் குழந்தைகள் ஆஸ்பத்திரியோட தொடர்புள்ள ஓப்பன் பீடியாட்ரிக்ஸ் தளத்துலயும் ஒண்ணு இருக்கு. ராத்திரி 2 மணிக்கு டியூட்டி ரூம்ல உட்கார்ந்துகூடப் பழகலாம்.

மூணாவது, நிஜ வென்டிலேட்டரோட இணைக்கிற செயற்கை நுரையீரல். ஸ்பிரிங் மாட்டின துருத்தி வெச்ச மாடல்கள் இருக்கு. இன்னும் நுட்பமானதுல, உள்ளே ஒரு பிஸ்டனை மோட்டார் ஓட்டும். தடை எவ்வளவு, விறைப்பு எவ்வளவுன்னு கொடுத்தா, ஒவ்வொரு நொடியும் கணக்குப் போட்டு அதுக்கேத்த மாதிரி பிஸ்டன் நகரும். இதோட பெரிய பலம், நோயாளி தானா மூச்சு இழுக்கிறதையும் நடிச்சுக் காட்டும். நோயாளி இழுக்கிறார், மெஷின் கண்டுக்கல. இல்லை, நோயாளி வெளியே விடப் பார்க்கிறார், மெஷின் இன்னும் தள்ளிட்டே இருக்கு. இப்படித் தாளம் தப்பறதைக் கண்டுபிடிக்கிறது அனுபவசாலிகளுக்கே கஷ்டம்.

நாலாவது, முழு உருவ பொம்மை. நெஞ்சு ஏறி இறங்கும், நாடி துடிக்கும், மானிட்டர்ல பிபி ஓடும். ஒரு டீமே சுத்தி நின்னு வேலை செய்யலாம். ஆனா பல பொம்மைகளுக்குள்ள இருக்கிற நுரையீரல் சாதாரணப் பைதான். அதனால மூணாவது வகையையும் நாலாவது வகையையும் சேர்த்துப் பயன்படுத்தறவங்க உண்டு.

எது நல்லதுன்னு கேட்டா, எதைச் சொல்லிக் கொடுக்கப் போறோம்ங்கறதைப் பொறுத்தது. கோடு படிக்க ஸ்கிரீன் போதும். அலாரம் அடிக்கும்போது அஞ்சு பேரை வெச்சு முடிவெடுக்க பொம்மை வேணும்.

ஒரு சீன் எப்படி நடக்கும்?

நாங்க அடிக்கடி ஓட்டற ஒரு சீனைச் சொல்றேன். நோயாளி 30 வயசுப் பெண், 160 சென்டிமீட்டர் உயரம், கடுமையான ஆஸ்துமா, இப்போதான் டியூப் போட்டிருக்கு. மூச்சுக்கு 350 மில்லி, நிமிஷத்துக்கு 12 மூச்சு. ட்ரெய்னி உள்ளே வர்றாங்க. கூட நிஜ ஐசியூ நர்ஸ் ஒருத்தர். கண்ணாடிக்குப் பின்னாடி நாங்க.

ரத்தப் பரிசோதனைச் சீட்டு வருது. கார்பன் டை ஆக்சைடு 70. சாதாரணமா 40 இருக்கணும். புத்தகப்படி கார்பன் டை ஆக்சைடு ஏறினா மூச்சைக் கூட்டணும். ட்ரெய்னி 12ஐ 24 ஆக்கறாங்க.

இப்போ கணக்கைப் பாருங்க. 12 மூச்சுன்னா ஒரு மூச்சுக்கு 5 நொடி. 1 நொடி உள்ளே போக, 4 நொடி வெளியே வர. 24 ஆக்கினா ஒரு மூச்சுக்கு 2.5 நொடிதான். வெளியே வர மிஞ்சறது 1.5 நொடி. ஆஸ்துமாவுல குழாய் சுருங்கியிருக்கு, காத்து மெதுவாத்தான் வெளியே வரும். முன்னாடி ஞாபகம் வெச்சுக்கச் சொன்னேனே, வெளியே வர்றதுக்கு மெஷின் உதவாதுன்னு. பழைய காத்து போய் முடியறதுக்குள்ள புதுக் காத்து வந்து இறங்குது. பீக் ஹவர்ல எலக்ட்ரிக் ட்ரெயின் மாதிரி, இறங்கறவங்க இறங்கறதுக்குள்ள ஏறறவங்க ஏறிட்டா என்ன ஆகும்? ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சு இன்னும் கொஞ்சம் உப்புது. ஸ்கிரீன்ல காத்தோட்டக் கோடு பூஜ்யத்தைத் தொடாமலே அடுத்த மூச்சு ஆரம்பிக்குது.

நெஞ்சு உப்பினா, உடம்புலிருந்து இதயத்துக்குத் திரும்பி வர்ற ரத்தம் குறையும். பிபி விழும். "மேடம், பிபி 70தான் இருக்கு"ங்கறார் நர்ஸ். "சலைன் வேகமா விடுங்க சிஸ்டர், நார்அட்ரினலின் ரெடி பண்ணுங்க"ன்னு ட்ரெய்னி. பிபி 60. அழுத்த அலாரம் அடிச்சுட்டே இருக்கு.

சரியான பதில் என்ன தெரியுமா? டியூபிலிருந்து மெஷினைக் கழட்டணும். சில நொடிகள். உள்ளே சிக்கின காத்து வெளியே போகட்டும். நெஞ்சை மெதுவா அழுத்தியும் விடலாம். காரணம் இதுதான்னா பிபி கண்ணு முன்னாடியே ஏறும். அப்புறம் மறுபடி இணைச்சு, மூச்சை 10 மாதிரி குறைச்சு வெச்சு, கார்பன் டை ஆக்சைடு கொஞ்சம் கூடவே இருக்கட்டும்னு விட்டுடணும். கழட்டியும் ஏறலைன்னா நெஞ்சுக்குள்ள காத்து கசிஞ்சிருக்கான்னு உடனே பார்க்கணும்.

இதைத் தேர்வுல கேட்டா பெரும்பாலான ட்ரெய்னிகள் சரியா எழுதிடுவாங்க. சீன்ல அவங்கள்லயே பலர் கழட்டறதில்லை. மூச்சே விட முடியாத ஒருத்தர்கிட்டருந்து மூச்சு மெஷினைப் பிடுங்கறதுன்னா கை வராது. விதி தெரிஞ்சிருந்தும், அலாரம் அடிக்கிற அந்த அரை நிமிஷத்துல கை நகரலைன்னா அந்த அறிவால நோயாளிக்குப் பிரயோஜனம் இல்லை. ஒரு தடவை பொம்மைகிட்ட கழட்டி, பிபி ஏறறதைப் பார்த்துட்டா, அடுத்த தடவை கை போகும். சிமுலேட்டர் எதுக்குன்னு என்னை ஒரு வரியில சொல்லச் சொன்னா இதைத்தான் சொல்லுவேன்.

சீன் முடிஞ்ச பிறகுதான் வகுப்பு

சீன் 10 நிமிஷம். அதுக்கப்புறம் எல்லாரும் உட்கார்ந்து பேசறது 20, 30 நிமிஷம். இதுக்கு டிப்ரீஃபிங்னு பேர். நிறைய இடத்துல பொம்மைக்கு லட்சக்கணக்குல செலவு பண்ணிட்டு, இதை அவசரமா முடிச்சுடறாங்க. எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

"ஏன் கழட்டல?"ன்னு கேட்டா அது விசாரணை. "அந்த நேரத்துல ஸ்கிரீன்ல எதைப் பார்த்துட்டு இருந்தீங்க?"ன்னு கேட்டா பேச்சு ஆரம்பிக்கும். "கார்பன் டை ஆக்சைடு நம்பர்லயே இருந்தேன் சார், கோட்டைப் பார்க்கவே இல்லை"ன்னு ட்ரெய்னி சொல்லுவாங்க. அப்போ பக்கத்துல இருக்கிற நர்ஸ், "கோடு கீழே வரலைன்னு நான் பார்த்தேன் சார். மேடம் பிஸியா இருந்தாங்க, எப்படிச் சொல்றதுன்னு..."ன்னு இழுப்பாங்க.

இது நம்ம ஊருக்கு ரொம்ப முக்கியம். படுக்கைக்குப் பக்கத்துல ராத்திரி முழுக்க நிக்கிறது நர்ஸ்தான். சில மேலைநாடுகள்ல வென்டிலேட்டருக்குன்னே தனியா தெரபிஸ்ட் இருப்பாங்க, இங்கே பல ஐசியூவுல அந்த ஆள் கிடையாது. பார்த்ததைச் சத்தமா சொல்லலாம்ங்கற தைரியம் நர்ஸுக்கும், காது கொடுத்துக் கேட்கிற பழக்கம் டாக்டருக்கும் வரணும்னா ரெண்டு பேரும் ஒண்ணா பயிற்சி எடுக்கணும். டாக்டர்களுக்கு மட்டும் தனியா ஒரு வொர்க்‌ஷாப் வெச்சா இது நடக்காது.

அந்த டிப்ரீஃபிங் முடிஞ்சதும் அதே சீனை மறுபடி ஓட்டுவோம். அன்னைக்கே, அதே ஆட்களோட. ரெண்டாவது தடவை கை எவ்வளவு சீக்கிரம் போகுதுன்னு அவங்களே பார்ப்பாங்க.

இது உண்மையிலேயே பலன் தருதா?

சிகாகோவுல நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்துல ஒரு ஆய்வு நடந்தது, 2013ல வெளிவந்தது. சிமுலேட்டர்ல பயிற்சி எடுத்த முதல் வருஷ ரெசிடென்ட்களையும், பழைய முறையில மட்டும் கத்துக்கிட்ட மூணாவது வருஷ ரெசிடென்ட்களையும் நிஜ ஐசியூ நோயாளிகளோட படுக்கைக்குப் பக்கத்துல வெச்சு சோதிச்சாங்க. வென்டிலேட்டர் அந்தச் சோதனையில முக்கியப் பகுதி. முதல் வருஷக்காரங்க மூணாவது வருஷக்காரங்களைவிட நல்லா பண்ணினாங்க. வருஷக்கணக்கா வார்டுல இருந்தாலே தானா வந்துடும்ங்கற நம்பிக்கையை இது கொஞ்சம் ஆட்டிப் பார்க்குது.

ஆனா எல்லையும் சொல்லணும். சிமுலேட்டர்ல இருக்கிற நுரையீரல் யாரோ எழுதின சமன்பாடு. நிஜ நுரையீரல்ல ஒரு பகுதி விறைச்சிருக்கும், இன்னொரு பகுதி நல்லா இருக்கும், மணிக்கு மணி மாறும். பல சிமுலேட்டர்கள் அவ்வளவு தூரம் போறதில்லை. கதவுக்கு வெளியே நிக்கிற குடும்பமும் அங்கே இல்லை. பைக் லைசென்ஸுக்கு ஆர்டிஓ மைதானத்துல எட்டு போடறோம் இல்லையா, அது மாதிரிதான். எட்டு போடத் தெரிஞ்சவரை நேரா அண்ணா சாலையில விடறதில்லை, ஆனா எட்டே போடாதவரைச் சாலைக்கு அனுப்பவும் கூடாது. அப்புறம், ஒரு நாள் பழகிட்டு சர்ட்டிபிகேட் வாங்கினா போதாது. பயன்படுத்தாத திறமை சில மாசத்துலயே மங்கிடும். திரும்ப வரணும்.

செலவு? 2019ல மாத்தின எம்பிபிஎஸ் பாடத்திட்டத்தோட, மருத்துவக் கல்லூரிகள்ல திறன் ஆய்வகமும் ஒரு பகுதியாச்சு. நல்ல தொடக்கம். ஆனா பூட்டின அறைக்குள்ள பிளாஸ்டிக் கவர் பிரிக்காத பொம்மையைவிட, வாரம் ஒரு மணி நேரம் கையில எடுக்கிற ரப்பர் பை மேல். ஒரு டெஸ்ட் லங், நாலு ரப்பர் பேண்டு, ஒரு சும்மா நிக்கிற வென்டிலேட்டர், அதைச் சொல்லித்தர நேரம் ஒதுக்கற ஒரு சீனியர். மாவட்ட ஆஸ்பத்திரியிலயும் இது சாத்தியம். பெரும்பாலும் கிடைக்காம போறது அந்தக் கடைசி விஷயம், சீனியரோட நேரம்.

அந்த லிசனருக்கு என் பதில்

கடைசியில நோயாளிகள்கிட்டதான் எல்லாரும் கத்துக்கிறோம், அதைத் தவிர்க்க முடியாது. ஆனா ஒரு ட்ரெய்னி முதல் முறையா மூச்சுக் கணக்கைத் தப்பா வைக்கிறது, முதல் முறையா அலாரத்துல உறைஞ்சு நிக்கிறது, முதல் முறையா மெஷினைக் கழட்டத் தயங்கறது, இதெல்லாம் பொம்மைகிட்ட நடந்து முடிஞ்சிருக்கணும். உங்க அம்மா படுத்திருக்கிற பெட்டுக்கு வர்றப்போ அவங்களுக்கு அது அஞ்சாவது தடவையா இருக்கணும்.

கேட்டுட்டு இருக்கறவங்கள்ல நர்ஸிங், மெடிசின் படிக்கறவங்க இருந்தா, உங்க காலேஜ் ஸ்கில்ஸ் லேப் எப்போ திறக்கும்னு இந்த வாரம் ஒரு தடவை கேட்டுப் பாருங்க. என்ன பதில் வந்ததுன்னு எனக்கும் எழுதுங்க. அடுத்த எபிசோடுல, வென்டிலேட்டரிலிருந்து ஒருத்தரை எப்படி, எப்போ வெளியே எடுக்கறோம்னு பேசலாம். அது இதைவிடக் கொஞ்சம் பதட்டமான வேலை.